பங்குனியில் பச்சை கிடையாது

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அம்மாளிடம் வேலை சொன்னவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருப்பார்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தார். கடைகளுக்கு போர்டு எழுதுவார், சுவர்களில் படம் வரைவார். எல்லோரும் படக்காரம்மா என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. உள்ளே வருகிறவர்கள் பெயரைக் கேட் புஸ்தகத்தில் எழுதுவது என் வேலை. அவர் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இருந்தாலும் இங்கே வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நல்ல உயரம். கட்டைக் குரல். அப்போது நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை ஏதாவது ஒரு சாயம் காய்ந்து ஒட்டியிருக்கும். மற்றப் பெண்கள் இடுப்பில் வெற்றிலை செருகி வைக்கிற இடத்தில் அவர் ஒரு சருகையோ கொழுந்தையோ ஒரு பிடி மண்ணையோ முடிந்து வைத்திருப்பார். சாயத்தைக் குழைத்ததும் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துவரவில்லை என்றால் குழைத்ததை எல்லாம் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அவர் புருஷனும் போர்டு எழுதுகிறவர்தான். ஒரு நாடகக் கம்பெனியோடு சீன் படுதா எழுதக் கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. "சீன் நல்லா வந்திருக்கும். அந்தச் சீனுக்குள்ளயே போயிட்டாரு" என்று ஒரே ஒரு தடவை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் நாடகம் போட்டார்கள். பின்திரை எழுதித் தரும்படி போதகர் அவரிடம் கேட்டார். மாதிரிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த வாழ்த்து அட்டை ஒன்றையும் கொடுத்தார். அதில் ஊசி இலை மரங்கள், கூரையெல்லாம் வெள்ளைப் பனி. படக்காரம்மா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது நீங்க பாத்ததா, கேட்டதா ஐயா?"

"நான் எங்கே பார்த்தேன். பனி அங்கே அப்படித்தான் விழுமாம்."

"நம்மூர்லயும் பனி உண்டே. நான் பாத்த பனியைப் போட்டுத் தாரேன்."

அவர் எழுதிய பெத்லகேம் ஒரு கண்மாய்க் கரை. விடியற்காலை. பனைமரங்கள் இடுப்பளவு பனிமூட்டத்தில் நின்றன. வேலியில் படர்ந்த அவரையில் ஊதாப் பூ. சிலந்தி வலையில் பனித்துளிகள் கோத்து நின்றன. கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஆடு மேய்க்கிற மூன்று கீதாரிகள் குளிரில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். போதகர் அதை அப்படியே மேடையில் கட்டச் சொல்லிவிட்டார். அவர் மனைவிக்குத்தான் மனம் கேட்கவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பனை ஓலைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார். படக்காரம்மா வந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டார்.

"பருத்தி வெடிக்கது தையிலயும் மாசியிலயும். மார்கழி மாசம் அது எதுக்கும்மா?"

அவ்வளவுதான். நாடகம் அந்தத் திரையோடுதான் நடந்தது.

பாத்ததா, கேட்டதா என்ற கேள்விக்கு அவரிடம் யாரும் தப்பியதில்லை. நல்ல மழை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட முடியாது. மாந்தோப்பு பச்சைப் பசேலென்று இருக்கிறது என்று நான் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டேன். தை மாதம் அது. அவர் என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தோப்பு வேலி வரை கூட்டிப்போய் நிறுத்தினார். மரம் முழுக்கத் தளிர்கள் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் பூவும் வந்திருந்தது. பச்சை அடியில் எங்கோ கொஞ்சம் இருந்தது. "தெனம் இந்த வழியாத்தான் வாரே" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் பல நாள் ஒரே பஸ்ஸில் ராஜபாளையம் போவோம். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு வண்டி முக்கி முனகிப் போகும். ஒரு மாசி மாதக் காலையில் வழியில் ஓர் இலவமரம் ஒரு இலைகூட இல்லாமல், கிளையெல்லாம் சிவப்பாகப் பூத்து நின்றது.

"டிரைவரே, செத்த நேரம் நிப்பாட்டுங்க."

"எறங்கணுமா?"

"பாக்கணும்."

பஸ்ஸில் சிரித்தார்கள். வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர், மாட்டு வியாபாரி, எரிச்சலோடு சொன்னார்: "மரத்தைப் பாக்கவா டிக்கெட் எடுத்தீக? எனக்குச் சந்தைக்கு நேரமாச்சு."

"சந்தை அடுத்த வாரமும் இருக்கும். இது ரெண்டு நாள்ல கொட்டிரும்."

எப்படியும் அடுப்பைக் கிளறிவிட வேண்டியிருந்ததால் டிரைவர் நிறுத்தினார். படக்காரம்மா இறங்கி, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மரத்தைப் பார்த்தார். நான் அவரோடு வந்தவன் இல்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்தபோது வியாபாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார். அது என்ன மரம் என்று அவரே கேட்டார்.

"இலவம். தலையணையில போட்டுப் படுக்கியளே, அந்தப் பஞ்சு."

மில்லுக்கு அவர் வந்தது நூல் மூட்டைகளுக்கு மார்க் போடுகிற தகடு வெட்டுவதற்காக. அந்த வேலையில் அவரோடு யாருக்கும் சண்டை இல்லை. சண்டை மேற்குச் சுவரில் ஆரம்பித்தது.

மில்லில் ரீலிங் ஷெட் என்று ஒன்று இருந்தது. நூற்ற நூலை ராட்டையில் சுற்றிச் சிட்டம் போடும் இடம். அறுபது பெண்கள் வேலை பார்த்தார்கள். மேற்குச் சுவரில் ஐந்து பெரிய ஜன்னல்கள். அவற்றில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுசாகத் தெரியும். ஆடிக்காற்றில் நூல் அறுகிறது என்று முதலாளி ஐந்தையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். காரணம் பொய் இல்லை. நூல் அறுந்தது நிஜம்தான். முதலாளியும் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். விடியும் முன்பே மில்லுக்கு வந்துவிடுவார், ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் சீனியம்மா என்ற ரீலிங்காரப் பெண் துணிந்து, "காத்து வேண்டாம் சரி, கண்ணாடியாச்சும் போடலாமே மொதலாளி" என்று கேட்டபோது அவருக்கு அது விளங்கவே இல்லை.

"வேலை கையில. கண்ணுக்கு ஜன்னல்ல என்ன வேலை?"

அந்தச் சுவரில் மில் விதிகளை எழுத வேண்டும் என்று படக்காரம்மாவை வரச்சொன்னார்கள். பேசக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மொத்தம் பத்து. விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதினார். நான்தான் ஷெட்டைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் அவர் போன பிறகு உள்ளே எட்டிப் பார்க்காமலே பூட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பெண்கள் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பத்து விதிகளும் சுவரின் வடக்கு ஓரத்தில் அச்சுக் கோத்த மாதிரி இருந்தன. அடைத்த ஐந்து ஜன்னல்களிலும் மலை இருந்தது. முதல் ஜன்னலில் தொடங்கிய சரிவு இரண்டாவதில் ஏறி, மூன்றாவதில் உச்சிக்குப் போனது. உச்சியின் மேல் மேகம் ஈரத்துணி மாதிரி கிடந்தது. கீழே பனைகள் எல்லாம் கிழக்கே ஓலையைச் சாய்த்திருந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

"ஏட்டி, ஜன்னலைத் தொறந்துட்டாகளா?" என்றாள் சீனியம்மா. கிட்டப் போய்த் தொட்டாள். விரலில் சாயம் ஒட்டியது.

முதலாளி ஆளனுப்பிப் படக்காரம்மாவை அழைத்துவரச் செய்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"எழுத்துதானே எழுதச் சொன்னேன்."

"எழுதியிருக்கேனே மொதலாளி. பத்தும் இருக்கு."

"அப்ப இது ஏமி?"

"இது இங்க இருந்ததுதான். நீங்க செங்கல்லை வச்சு மறைச்சீக. நான் செங்கல்லை மறைச்சேன்."

"யாரைக் கேட்டும்மா செஞ்சீர்?"

"நீங்க மறைக்கையில யாரைக் கேட்டீக?"

அந்த ஷெட்டில் முதலாளியிடம் அப்படி யாரும் பேசியதில்லை. ஆனாலும் அவர் படக்காரம்மாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மார்க் தகடு அந்த அம்மாவைப்போல வெட்ட வேறு ஆள் இல்லை. அன்றைக்கே ஜன்னல்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அடித்தார்கள். பெண்கள் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது.

ஐப்பசியில் அவர் அடுத்தமுறை தகடு வேலைக்கு வந்தபோது நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அக்கா, படத்து மேல சுண்ணாம்பு அடிச்சிட்டாக." அவர் நெருப்பாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஷெட்டுக்குள் போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"நல்ல பூச்சு. ரெண்டு கை அடிச்சிருக்கான்" என்றார். "ஆடி முடிஞ்சு போச்சுல்லா தம்பி. அந்தப் படம் இன்னும் இருந்தா பொய்யாத்தான் இருக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகடு வேலை பாக்கி இருக்கிறது என்று வந்தார். நான் அப்படியே புஸ்தகத்தில் எழுதிக்கொண்டேன். கூடையில் என்னென்ன டப்பாக்கள் என்று கேட்கவில்லை. யுத்தத்தினால் சீமைச்சாயம் எதுவும் கிடைக்காத சமயம். நீலத்துக்கு அவுரி அரைத்திருந்தார், சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்கு அந்தக் கரிபஸ் அடுப்பில் வழித்த கரி. மறுநாள் காலையில் மலை ஐந்து அடி முன்னால் நகர்ந்து வந்து நின்றது போலிருந்தது. அடைமழை விட்ட மறுநாள் மலை அப்படித்தான் இருக்கும். மடிப்பு மடிப்பாக, கருநீலமாக, எங்கெங்கோ வெள்ளைக் கோடு போட்டாற்போல ஓடை இறங்கிக்கொண்டு.

அதற்கும் சுண்ணாம்பு விழுந்தது. இந்தத் தடவை பத்து நாள் கழித்துத்தான்.

மார்கழிக் கடைசியில் மூன்றாவது படம். ஐந்து ஜன்னலிலும் சாம்பல் நிறம்தான், மேலே உச்சியின் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. பெண்களுக்கு ஏமாற்றம். மலையே காணோமே என்றார்கள். சீனியம்மாதான் அவர்களைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னிக்கு விடியக்காலம் வரும்போது இருந்துச்சாட்டி? யாராச்சும் பாத்தீகளா?" யாரும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்கு வருகிற பெண்கள் ரோட்டில் ஆங்காங்கே நின்று மேற்கே பார்த்ததை நான் கேட்டிலிருந்து பார்த்தேன். உச்சி மட்டும்தான் இருந்தது.

முதலாளி வந்து அந்தச் சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். "சுண்ணாம்பு அடிச்ச மாதிரியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் மதுரையிலிருந்து நூல் வியாபாரி ஒருவர் வந்தார். ஷெட்டைச் சுற்றிக் காட்டும்போது சுவர் முன்னால் நின்றவர் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "குளிருதேய்யா இங்கே" என்றார். அதோடு முதலாளியின் மனம் மாறிவிட்டது. மேற்குச் சுவருக்கு எதிரே இரண்டு பிரம்பு நாற்காலிகள் வந்தன. வருகிறவர்களை எல்லாம் முதலில் அங்கே கூட்டிப்போனார். படக்காரம்மாவிடம், "இனிமே சுண்ணாம்பு கிடையாதும்மா. உம்ம இஷ்டம்போல எழுதும்" என்றார்.

"சுண்ணாம்பு வேணும் மொதலாளி. நானே அடிச்சுக்கிடுதேன்" என்றார் அவர்.

பங்குனி பிறந்ததும் தன் கையாலேயே மார்கழியை அழித்துவிட்டு எழுதினார். தவிட்டு நிறத்தில் காய்ந்த மலை. பாறைகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. காட்டுத்தீ ஓடின இரண்டு கறுப்புத் தடங்கள். அடிவாரத்தில் வறண்ட ஓடையும் அதன் கரையில் இரண்டு மருதமரமும். நாலாவது ஜன்னலில் மட்டும், மலையின் சரிவில், சவரம் செய்த மாதிரி ஒரு பெரிய வெட்டவெளி. ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கட்டைகள்.

மில் வாசலில் நின்றால் எல்லோருக்கும் தெரிகிற இடம் அது. ஆனால் சுவரில் வந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. யுத்தத்துக்கு மரமும் கரியும் ஏராளமாகப் போய்க்கொண்டிருந்தன. மலையில் மரம் வெட்ட ஏலம் விடுகிற இடத்தைக் கூப்பு என்பார்கள். அந்தக் கூப்பை எடுத்திருந்தவர் எங்கள் முதலாளி. அவருக்கு அனுமதி ஓடைக்கு இந்தப் பக்கம் வரைதான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

நாலு நாளில் ஜில்லாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மில்லைப் பார்க்க வருவதாக இருந்தது. மலைப் படத்தைப் பற்றி முதலாளி அவரிடம் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "நீ அந்த அம்மா ஊர்க்காரன்தானே. போய்ப் பக்குவமாச் சொல்லு. நாலாவது ஜன்னல்ல கொஞ்சம் பச்சை வச்சாப் போதும்."

நான் போனபோது அவர் வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டி, சாயத்தில் கலக்கிற வஜ்ரப் பசையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சந்தெல்லாம் அந்த வாடை.

"அக்கா, நாலாவது ஜன்னல்ல மட்டும் கொஞ்சம் பச்சை வைக்கச் சொல்லுதாக."

"எந்தப் பச்சை?"

"மரத்துப் பச்சைதான்."

"பங்குனியில பச்சை கிடையாது. ஓடையில ரெண்டு மருது நிக்கி. அதைப் போட்டிருக்கேன்."

"ஒரு கை பச்சைதானே அக்கா. மலையையும் சுவரையும் யாரு ஒத்துப் பாக்கப் போறா?"

கிண்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நீ ஒத்துப் பாத்தியா?"

நான் அடுப்புப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"தெனம் அந்த மலைக்கு எதுத்தாப்லதான் கேட்டுல உக்காந்திருக்கே. அங்க மரம் நிக்கா, இல்லையா? சொல்லு."

"இல்லை."

"பொறவு என்ன?"

"வேலை போயிரும் அக்கா. இந்த மில்லு மட்டுமில்ல. மத்த எடத்துக்கும் சொல்லி விட்டுருவாக."

"சொல்லட்டும். சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெறுஞ்சுவரு யாரையும் ஏமாத்தாது. அதுல பச்சையை வச்சா மத்த நாலு ஜன்னலும் சேந்துல்லா பொய்யாப் போவும்." பசை பொங்கி வந்தது. விறகை இழுத்துவிட்டு, "காப்பி குடிக்கியா?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

முதலாளி சுண்ணாம்பு அடிக்கவில்லை. அதிகாரியிடம் சொன்ன படம் சுவரில் இருந்தாக வேண்டும். மதுரையிலிருந்து காலண்டர் படம் எழுதுகிறவர் ஒருவரை வரவழைத்தார். அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான். புஸ்தகத்தில் அவர் பெயரை எழுதினேன். மத்தியானத்துக்குள் வெட்டவெளி முழுக்கப் பச்சை மரங்கள் எழும்பிவிட்டன. யாரும் கேட்காமலே ஓர் அருவியும் இரண்டு மானும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஷெட்டுக்குள் வந்ததும் பிரம்பு நாற்காலியில் உட்காராமல் சுவரின் முன்னால் நடந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். நான் ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"பிரமாதமாக இருக்கிறது. யார் வரைந்தது?"

"நம்ம மில்லுக்கு வேலை செய்யற ஒரு அம்மா" என்றார் முதலாளி.

சீனியம்மா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ராட்டையை மட்டும் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த நாலாவது ஜன்னல் அந்த அம்மா எழுதினது இல்லீங்க."

ஷெட்டில் மற்ற ராட்டைகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"பங்குனியில அருவி ஏதுங்க? அந்த எடத்துல மரம் ஏதுங்க? ஓடைக்கு ரெண்டு பக்கமும் வெட்டிப் போட்டிருக்கு. வெளிய வந்து பாத்தாத் தெரியும்."

அதிகாரி முதலாளியைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்படியா?" என்று கேட்டார். ஒரு சொல் சொன்னால் போதும். நான் ரிஜிஸ்தரைத் திறந்து, அதில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் வெளியே போனார். மில் முற்றத்தில் வெயிலில் நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம் இருக்கும். முதலாளியிடம் கும்பிட்டு விடைபெற்றுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கூப்பில் வேலை அந்த வருஷமே நின்றுபோனது. விசாரணை வந்தது என்று சிலர் சொன்னார்கள், மரம் எடுப்பது குறைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. அன்று சாயங்காலமே சீனியம்மாவின் பெயரை ஆள் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னார்கள். அவளுக்கு இரண்டு குழந்தைகள். புருஷன் சோழபுரத்தில் யாருடைய வயலிலோ கூலி. நான் சிவப்பு மையில் அடித்தேன். வெளியே போகும்போது கேட்டில் நின்று கேட்டாள்.

"அடிச்சிட்டீகளா?"

"அடிச்சிட்டேன்."

"சரி" என்று கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்துப் படக்காரம்மா கேட்டுக்கு வந்தார். பழக்கத்தில் நான் புஸ்தகத்தைத் திறந்துவிட்டேன்.

"எழுதாதே. நான் உள்ள வரல. சீனியம்மா வீடு எங்க இருக்கு?"

சோழபுரத்தில் தெருவையும் அடையாளத்தையும் சொன்னேன்.

"நீயும் அங்கதான் நின்னியாமே."

"நின்னேன் அக்கா."

தலையை ஆட்டினார். வெயிலில் ரோட்டோடு தெற்கே நடந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால் டிரைவருக்குப் பக்கத்து இடத்துக்குப் போய்விடுவார். மேற்குச் சுவருக்கு முழுசாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் அங்கே வேலை பார்த்த வரை அது வெள்ளையாகத்தான் இருந்தது.

ராஜபாளையத்தில் எந்த மில்லும் அவருக்கு அதன் பிறகு வேலை கொடுக்கவில்லை. கடைக்காரர்களும் யோசித்தார்கள். அவர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வண்டிப் பலகை, பெட்டி, கடை போர்டு என்று கிடைத்ததை எழுதினார். சீனியம்மா புருஷனோடும் குழந்தைகளோடும் அந்தச் சந்துக்கே குடிவந்துவிட்டாள். முதலில் சாயம் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு தூரிகையையும் எடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் எழுதிய போர்டில் நான் ஒரு பிழை பார்த்ததில்லை. மாதிரியை எதிரே வைத்துக்கொண்டு, கொக்கி எங்கே வளைகிறது, கால் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதுவாள். இரண்டு பொம்பளைகள் பஜாரில் சாரம் கட்டி ஏறுகிறார்கள் என்று ஊரில் பேச்சு எழுந்தது. கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள்.

யுத்தம் முடிந்திருந்தது. ஒரு ஆனி மாதம், ஏதோ வேலையாக பஜார் வழியாகப் போனேன். புதிதாகத் திறக்கப்போகும் ஜவுளிக்கடைக்கு இரண்டு பேரும் சாரத்தில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பெயர்தான் முடிந்திருந்தது. அப்போது மேற்கேயிருந்து முதல் சாரல் வந்தது. ஜனங்கள் கடை ஓரங்களில் ஒதுங்கினார்கள். நான் குடையை விரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சாரத்திலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். முகத்தில் சாரல் பட, மேற்கே பார்த்துக்கொண்டு.

ஜவுளிக்கடைக்காரருக்குத் தாங்கவில்லை. "நாளைக்குக் கடை திறப்பு. எறங்கி நனையாம நில்லுங்க, இல்ல வேலையைப் பாருங்க. ரெண்டும் இல்லாம இது என்ன?"

"சாரல் வந்திருக்கு அண்ணாச்சி" என்றாள் சீனியம்மா.

"மழைதானே."

"மழை மேல இருந்து விழும். இது மலையில இருந்துல்லா வருது."

"வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்" என்றார் அவர்.

படக்காரம்மா திரும்பாமலே சொன்னார்: "பாத்துக்கிடுங்க. மிச்ச எழுத்தை அவிய எழுதட்டும்."

அப்போதுதான் கீழே நான் நிற்பதைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கட்டைக் குரல் வந்தது.

"தம்பி. எனக்கு இந்தக் கடைக் கூரை மறைக்கி. மலையில எங்கயாச்சும் வெயில் விழுதா?"

குடையை மடக்கிவிட்டு நடு ரோட்டுக்குப் போனேன். சட்டை நனைந்தது. அவசரப்படாமல், தெற்கு ஓரத்திலிருந்து வடக்கே வரை பார்த்தேன்.

"உச்சியில இல்லை அக்கா. உச்சியே தெரியல. இடது பக்கம், பாதி மலைக்குக் கீழ ஒரு கீத்து விழுது. வெயில் மஞ்சளா இல்லை. ஈய நிறமா இருக்கு."

படக்காரம்மா சாரத்திலிருந்து எட்டிக் குனிந்தார்.

"ஈய நிறமா?"

"ஆமாக்கா."

"எறங்குட்டி" என்றார் சீனியம்மாவிடம். "நாமளும் பாத்துருவோம்."

இரண்டு பேரும் சாரத்திலிருந்து இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். கடைக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த ஜட்கா வண்டிக்காரர் வழி விடச் சொல்லி மணியடித்தார். மறுபடியும் அடித்தார். நாங்கள் மூன்று பேரும் நகரவில்லை.